அப்பாவின் வலக்கை

மலைமேல் குண்டூர் நாட்டு ஊரில் அப்பாவின் வீட்டுக்குப் போயிருந்த அன்று அவர் பேச்சு குழறியது. மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் குடியை விட்டு வருடங்கள் ஆகியிருந்தன. என் சந்தேகம்தான் என்னை விடவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியதும் பதறிப்போனேன். வளைவுக்கு வளைவு அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு ஜீப்பில் மலையிறங்கினேன். நாமக்கல் ஆஸ்பத்திரியில் பக்கவாதம் (மூளைக்கு இரத்தம் போவது தடைப்பட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள்.

உயிர் தப்பியது. வலக்கை மட்டும் வரவில்லை.

"தினமும் நீங்கதாம்மா அந்தக் கையத் தூக்கி, மடக்கி, விரல் விரலா நீவி விடோணும்" என்றார் இயன்முறை மருத்துவர் (பயிற்சிகளால் தசைகளை மீட்பவர்). அம்மாவின் பல்லை உடைத்த கை அது. நான் ஞானஸ்நானம் எடுத்த அன்று தலைமயிரைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளிய கை. அம்மா இப்போது இல்லை. பார்த்துக்கொள்ள வேறு நாதியும் இல்லை. என் வீட்டுக்கே கூட்டிவந்தேன்.

என்னைப்போல் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அன்பு வரட்டும், பிறகு தொடலாம் என்று காத்திருந்தால் அதற்குள் விரல்கள் இறுகிவிடும். அன்று என் ஜெபம் ஒன்றும் அழகாக இல்லை. "ஆண்டவரே, இந்தக் கை திரும்ப வந்துருமோன்னு பயமா இருக்கு. கூடவே இரும்" என்றேன். பிறகு எழுந்துபோய் எண்ணெயைச் சூடாக்கினேன்.

படுத்தாலும் அப்பாவின் வீம்பு குறையவில்லை. இடக்கையால் சோற்றைத் தொடுவதா என்று பட்டினி கிடந்தார். ஸ்பூன் கொடுத்தால் மருந்து குடிப்பதுபோல் இருக்கிறதாம். வேறு வழியில்லாமல் சாமைச் சோற்றைப் பிசைந்து நானே ஊட்டினேன். நான் கண்ணை மூடி நன்றி சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் பொறுக்காது.

"சுருக்கா முடி கண்ணு. உன்ற சாமிக்குப் பசிக்காது, எனக்குப் பசிக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அப்படித்தான், என்னை அறியாமலே, அந்த மனிதர்மேல் பாசம் ஒட்டிக்கொண்டது.

பயிற்சிக்காக மிளகுக் கொத்தைக் கையில் வைத்து மணிகளை உதிர்க்கச் சொல்வேன். வெகுநாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கட்டைவிரல் அசைந்தது, மற்ற விரல்களும் மெல்ல மடங்கின.

ஒரு மதியம் ஊட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கை திடீரென்று மேலே எழுந்தது. யோசிப்பதற்குள் நான் குனிந்து தலையை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால், நடுங்கும் விரல்களுக்கிடையில் கொஞ்சம் சோறு.

"அடிக்கல சாமி" என்றார் அப்பா, அழுதுகொண்டே. "நீ இன்னுஞ் சாப்புடலியே."

வாயைத் திறந்தேன். பாதி மடியில் சிந்தியது. மன்னித்துவிட்டேன் என்று சபையில் எத்தனையோ முறை சாட்சி சொல்லியிருக்கிறேன். என் உடம்புக்கு அந்தச் செய்தி அன்றைக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

அதுவும் முழுதாக அல்ல. இன்றும் சில வேளை அந்தக் கை எழும்போது என் தலை தானாகக் குனிகிறது. அப்பா கையை அப்படியே நிறுத்திவிட்டு, நான் நிமிரும்வரை காத்திருக்கிறார்.