திரீத்தாவின் இரண்டாவது மேசை

காலை 10.40. கிங்ஸ்பரியில் ஜூபிலி லைன் ஏறினேன். லண்டன் பிரிட்ஜில் மாறி ஸ்ட்ரெதம் போக வேண்டும். இருபத்தொரு வருடமாக இந்த நகரத்தில் இருந்தும் அங்கே போனது இரண்டே முறை. வடக்கில் குடியிருப்பவர்களுக்கு ஆற்றுக்குத் தெற்கே வேறு நாடு. பையில் குடை, மூக்குக் கண்ணாடி, என் முத்திரை. போகும் காரணம் ஒரு மேசை.

நான் தமிழ் மொழிபெயர்ப்பாளன். திரீத்தா அல்பேனிய மொழிபெயர்ப்பாளர். நீதிமன்றக் காத்திருப்பு அறைகளில் பத்து வருடம் அருகருகே இருந்திருக்கிறோம். இப்போது அவருக்குச் சொந்த அலுவலகம். அதில் ஒரு மேசை காலி. வந்து இருந்தால் கதவில் தமிழ் என்றும் எழுதலாம் என்றார். என் வேலை சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. எனக்கும் ஒரு கதவு வேண்டும் என்று ஆசை.

12.05. முடிதிருத்தும் கடைக்கு மேலே, பத்தொன்பது படிகள். ஒரே அறை. ஒன்றரை மணிக்குள் ஏழு பேர் வந்தார்கள். ஓட்டுநர் உரிமம், பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ். வடக்கு அல்பேனியருக்கு ஒரு பேச்சு, தெற்கத்தியருக்கு இன்னொன்று. ஆளுக்கேற்ப திரீத்தாவின் வாய் மாறியது. ஒவ்வொரு தாளின் அடியிலும் உண்மையான மொழிபெயர்ப்பு என்று உறுதி எழுதி, கையொப்பமிட்டு, முத்திரை குத்தினார். ஏழு பேரும் அவர் கன்னத்தில் முத்தமிட்டே போனார்கள். ஒரு கொத்தனார் ஒரு பை ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனார். என் வயிறு எரிந்தது.

எங்கள் பக்கத்துக் கோவிலில் என்னைக் கண்டால் என் வாடிக்கையாளர்கள் செருப்பைத் தேடுவதுபோலக் குனிவார்கள். அகதி விசாரணையில் நாங்கள் 'நான்' என்றே பேச வேண்டும்; 'அவர்' என்று சொல்லக் கூடாது. ஒருவருக்குச் சிறையில் நடந்தவற்றை நான்கு மணி நேரம் 'எனக்கு நடந்தது' என்று சொன்னேன். அதன் பிறகு அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

திரீத்தாவும் நானும் பேசுவது ஆங்கிலம். இங்கே என் தமிழில் தருகிறேன்.

"உம்மட ஆக்கள் உம்மைக் கொஞ்சுகினம். என்ர ஆக்கள் என்னைக் கண்டால் ஒளிக்கினம்."

"நான் விசாரணைக்குப் போறதை விட்டு ஆறு வருஷம். அதுக்கு முதல் என்னையும் ஒருத்தரும் கொஞ்சேல்லை. பொறாமைப்படாமல் இதைச் சாப்பிடும்."

தட்டில் எள்ளுப் போட்ட முறுக்கு.

"இது எங்கால?"

"ஒரு தமிழ் ஆள் கொண்டு வாறவர். ஆங்கிலக் கடிதங்களை நான் வாசிச்சு, லேசான ஆங்கிலத்தில விளங்கப்படுத்துவன்."

"தமிழரோ? உமக்குத்தான் தமிழ் தெரியாதே!"

"அதுக்குத்தான் வாறார்."

முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

1.50. கதவு திறந்தது. ஒரு கையில் கவுன்சில் கடிதம், மறு கையில் முறுக்குப் பொதி. அந்த நான்கு மணி நேர மனிதர்.

"அண்ணை... நீங்கள் இங்கைதான் வேலையோ?"

"இல்லை. சும்மா பாக்க வந்தனான்."

அவர் உள்ளே வரவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. கடிதத்தை இரண்டாக மடித்தார், பிறகு நான்காக. திரீத்தா நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

என் ரயில் 2.46க்கு. கடிகாரத்தில் 1.54.

"எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு" என்று கோட்டை மாட்டினேன். நான் கடந்து போக, சுவரோடு ஒட்டி வழிவிட்டார். ஒன்பதாவது படியில் இறங்கும்போது அவருடைய உடைந்த ஆங்கிலம் கேட்டது. ஏதோ சொல்லிவிட்டு உரக்கச் சிரித்தார். நான்கு மணி நேரம் அவராகவே பேசியவன் நான்; அந்தச் சிரிப்பை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

2.03. ஸ்ட்ரெதம் நிலையம். தேநீர் இரண்டு பவுண்டு எண்பது பென்ஸ். திரீத்தாவுக்குச் செய்தி எழுதினேன்: மேசை வேண்டாம். நான் அங்கே இருந்தால் அந்த மனிதருக்குப் போக இடமில்லை.

கடிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டாலும் திரீத்தா சொல்லமாட்டார். பதில் 2.11க்கு வந்தது. "சரி. அண்ணைக்கு ரயில் கிடைச்சதோ எண்டு அவர் கேட்கிறார்."

"கிடைச்சிட்டுது எண்டு சொல்லும்" என்று எழுதி அனுப்பிவிட்டு, மீதி முப்பத்தைந்து நிமிடமும் பெஞ்சில் இருந்தேன். வயிறு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.