ஸ்கூட்டரில் ஏறும் டிரம் செட்

கடைக்குள் நுழைந்தவுடன் அங்கிருக்கும் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்கிற பழக்கத்தை என்னால் விட முடியவில்லை. பிரான்சில் இருக்கும் உங்களுக்கு இது தெரியும். ரொட்டிக் கடையானாலும் மருந்துக் கடையானாலும் 'போன்ழூர்' சொல்லாமல் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் ஏதோ மிருகம் உள்ளே வந்துவிட்டதைப் போல் பார்ப்பார்கள். நான் புதுச்சேரிக்குத் திரும்பி வந்து மூன்று வருடம் ஆகிறது. இங்கே வணக்கம் சொன்னால்தான் அப்படிப் பார்க்கிறார்கள். போன மாதம் ஓர் இசைக்கருவிக் கடைக்குள் போய், கல்லாவில் இருந்தவருக்கும், கிட்டாருக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தவருக்கும், சும்மா நின்ற இருவருக்குமாகச் சேர்த்து ஒரு வணக்கம் சொன்னேன். நால்வரில் மூவர் நிமிரவே இல்லை. கல்லாவில் இருந்தவர் மட்டும், "நன்கொடைன்னா மொதலாளி வந்தப்புறம் வாங்க சார்" என்றார்.

நன்கொடைக்கு வரவில்லை, டிரம் செட் வாங்க வந்திருக்கிறேன் என்றேன். "பேரனுக்கா சார்?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றதும் என் தலையைப் பார்த்தார், பிறகு என் முழங்காலைப் பார்த்தார். எனக்கு எழுபத்திரண்டு வயது. அந்த இரண்டு இடங்களையும் பார்ப்பதில் தப்பொன்றும் இல்லை.

ஏன் வாங்கப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பிலிப் என்று ஒருவர் சிறிய இசைக்குழு வைத்திருக்கிறார். கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடுவார். கிட்டாருக்கு ஒருவர், டிரம்ஸுக்கு நான், மொத்தம் மூன்று பேர். சனிக்கிழமை தோறும் கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் உணவகத்தின் முற்றத்தில் வாசிப்போம். எப்போதாவது கல்யாண வரவேற்பு வரும். என் பழைய டிரம் செட் வீட்டுச் சாமான்களோடு கப்பலில் வந்தது: ஐந்து டிரம், நான்கு சிம்பல் தட்டு, ஒன்பது ஸ்டாண்டு. காலால் அடிக்கும் பேஸ் டிரம் மட்டும் இருபத்திரண்டு அங்குலம். மாடியில் இருக்கும் என் வீட்டிலிருந்து அதை இறக்கி, லோடு ஆட்டோவில் ஏற்றி, அங்கே போய் மாட்டி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும். வாசிக்க உட்காரும்போதே பாதி ஆள்தான் மிச்சம் இருப்பேன்.

ஒருநாள் பிலிப் டீக்கடையில் வைத்துப் பேச்சை எடுத்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க டிரம்ஸு நிக்கிற எடத்துல ரெண்டு டேபுள் போடலாம்னு ஓனரு சொல்றாரு. லோடு ஆட்டோ வாடக வேற. நமக்கு வர்றதே இன்னா பெருசா வருது?"

"அதுக்கு?"

"சேதராப்பட்டு கம்பெனில வேல பாக்குற ஒருத்தரு பேடு வாசிக்கிறாருண்ணே. ஒரே ஒரு பொட்டி. தோள்ல மாட்டினு பைக்ல வந்துடுவாரு. எல்லா டிரம்மும் அதுக்குள்ளயே இருக்குது."

"நான் வேணாங்கற."

"அய்யோ, யாரு சொன்னா? ஸ்கூட்டர்ல வர்ற மாதிரி சின்னதா ஒரு செட்டு வாங்குங்க. குருசுக்குப்பத்துல ஒரு ரிசப்ஷன் வருது. அதுல பாப்போம். ஆவலன்னா..."

"ஆவலன்னா?"

"டீ ஆறுதுண்ணே, குடிங்க."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. உங்களில் சிலர் சிரிக்கலாம்: பென்ஷன் வருகிறது, பிள்ளைகள் அங்கே நன்றாக இருக்கிறார்கள், இவருக்கு என்ன குறை என்று. சொல்கிறேன். எங்கள் தெருவில் யாருக்கும் என் பெயர் தெரியாது. பால்காரர் முதல் மின்சாரக் கணக்கெடுப்பவர் வரை எல்லாருக்கும் நான் பிரான்ஸ்காரர். அங்கே நாற்பத்தொன்பது வருடம் இந்தியன், இங்கே மூன்று வருடமாகப் பிரான்ஸ்காரர். சனிக்கிழமை அந்தச் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் மூன்று மணி நேரம் மட்டும் நான் டிரம்ஸ்காரர். அதையும் ஒரு பெட்டி எடுத்துக்கொள்ளப் போகிறது. என் மனைவி சரோஜாவிடம் சொன்னேன். "வூட்ல ஆளு ரெண்டு, டிரம்மு அஞ்சு. இதுல புதுசா இன்னும் நாலா?" என்று கேட்டாள். ஆனாலும் ஸ்கூட்டரை அளக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் வைக்கும் இடத்தின் அகலம், பின் சீட்டின் நீளம், இவற்றுக்கு நடுவே என் வயிறு பிடிக்கும் இடம் என்று மூன்றையும் அளந்தோம். மூன்றாவது அளவுதான் இருவருக்கும் கவலை தந்தது.

சிறிய செட் என்று தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், நம்மவர்களில் இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் அங்கேயும் இருப்பீர்கள். டிரம்மின் அளவை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. சுமையெல்லாம் ஸ்டாண்டுகளில்தான் இருக்கிறது. இரட்டைக் கால் போட்ட ஸ்டாண்டு உறுதியாக நிற்கும், ஆனால் தோளைப் பிய்த்துவிடும். ஒற்றைக் கால் ஸ்டாண்டே போதும். பதினாறு அங்குல பேஸ் டிரம் தரையோடு தரையாகக் கிடக்கும். பெடலின் சுத்தியல் அதன் நடுவில் படாமல் விளிம்புக்குப் பக்கத்தில் போய்ப் படும். அதைக் கொஞ்சம் தூக்கி நிறுத்துகிற இரும்புத் துண்டு கூட வருகிறதா என்று கேட்க வேண்டும். முன்தோலைக் கழற்றினால் தரை டாம் என்கிற மூன்று கால் டிரம் அதற்குள் போய் உட்காருகிறதா என்று கடையிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். புதுச்சேரியில் இருந்தால் இன்னொன்றும் உண்டு: திருகு எத்தனை என்று எண்ண வேண்டும். எத்தனை திருகோ அத்தனை இடத்தில் கடல் காற்று துருவை வைக்கும். நான் எண்ணினேன், ஐம்பத்தாறு.

கடையில் என் கைக்கு எட்டும் விலையில் இரண்டு இருந்தன. ஒன்று புதிது, பதினாறு அங்குலம். இன்னொன்று யாரோ விற்றுவிட்டுப் போன பதினெட்டு அங்குலம். கிட்டாருக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குச்சிகளைக் கையில் கொடுத்தார். நான் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து ஸ்நேரின் மேல் விரித்தேன். பிரெஞ்சு இராணுவத்தில் டிரம்ஸ் கற்றுக்கொண்ட நாளிலிருந்து எனக்கு அது 'காஸ் கிளேர்'. மேல்தோலும் அடிக்கம்பிகளுமாகச் சடசடவென்று பேசும் சிறிய டிரம், செட்டின் வாய் அதுதான். அதன் வாயைப் பொத்திவிட்டுத்தான் அடித்துப் பார்த்தேன்.

"சார், துணிய எடுத்துட்டு அடிங்க."

"பரவாயில்லை, இதிலேயே தெரியும்."

"நல்லா ஓங்கி அடிங்க சார். ஒடஞ்சா எங்க பொறுப்பு."

"கடையில் ஆட்கள் இருக்கிறார்கள்."

"ஆளு இருந்தா இன்னா சார்? வாசல்ல பஸ்ஸு ஆரன் அடிக்கிறதே கேக்காத ஆளுங்க."

அவருக்கு நான் என்ன சொல்கிறேன் என்பது விளங்கவில்லை. அவர் ஏன் ஓங்கி அடிக்கச் சொல்கிறார் என்பது எனக்கும் விளங்கவில்லை. இரண்டில் எது அடக்கமாகப் பேசியதோ, பதினாறு அங்குலம், அதைத் தேர்ந்தெடுத்தேன். பதினெட்டு அங்குலத்தைக் காலால் ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. நானே 'பார்தோன்' என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பாரிசுக்கு வெளியே, தபால் நிலையத்தில் எனக்கு வேலை நிரந்தரமான பிறகு, ஓர் அடுக்குமாடியின் நாலாவது மாடியில் வீடு கிடைத்தது. குடிபோன மூன்றாம் நாள் மாலை ஆறேமுக்கால் மணிக்கு டிரம்ஸை மாட்டி ஐந்து நிமிடம் அடித்திருப்பேன். அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டு மதாம். சண்டைக்கு வரவில்லை. அந்த அம்மாளின் கணவர் ரொட்டி சுடுகிறவர், விடியுமுன் எழுந்து போக வேண்டியவர், அதனால் ஏழு மணிக்கே படுத்துவிடுவார் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னாள். நான் மரியாதைக்குக் கட்டுப்பட்டவன். மறுநாள் எல்லா டிரம்களின் மேலும் துவாலை போட்டேன். பிறகு துவாலைக்கு அடியில் நுரைத் தகடு, பிறகு குச்சிக்குப் பதில் மெல்லிய கம்பி பிரஷ். அந்த மனிதர் ஓய்வு பெற்றார், பிறகு இறந்தும் போனார். நான் துவாலையை எடுக்கவில்லை. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் மதாம் ஒரு பெட்டி சாக்லேட் கொண்டுவந்து தருவாள். மேலே ஆள் இருப்பதே தெரியவில்லை, உங்களைப் போன்ற ஒருவரை எங்கேயும் பார்த்ததில்லை என்பாள். முப்பத்தொரு பெட்டி வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு பெட்டிக்கும் பெருமைப்பட்டேன். என் பிள்ளைகளிடமும் அதையே சொல்லி வளர்த்தேன்: மெதுவாக நட, மெதுவாகக் கதவைச் சாத்து, நாம் இருப்பது தெரியக் கூடாது.

வரவேற்பு நாளன்று எல்லாம் கணக்குப்படி நடந்தது. ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே பேஸ் டிரம், அதன் வயிற்றுக்குள் தரை டாம். பின் சீட்டில் ஸ்டாண்டுப் பை. முதுகுப் பையில் ஸ்நேரும் சின்ன டாமும் சிம்பல்களும். வயிறும் இடித்துப் பிடித்து உள்ளே வந்துவிட்டது. சரோஜா ஆட்டோவில் பின்னாலேயே வந்தாள், ஏதாவது கழன்று விழுந்தால் பொறுக்குவதற்கு. குருசுக்குப்பத்தில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். மேடையில் மணமக்கள், பக்கவாட்டில் எங்களுக்கு இரண்டு பலகை. பதினோரு நிமிடத்தில் மாட்டி முடித்தேன். பிலிப் சுற்றி வந்து பார்த்து, "அட, பொம்ம மாதிரி இருக்குதுண்ணே" என்றார். பாட்டுக்கும் கீபோர்டுக்கும் கிட்டாருக்கும்தான் மைக். டிரம்ஸுக்கு எப்போதும் மைக் வைப்பதில்லை, தேவைப்பட்டதும் இல்லை.

முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது பாட்டில் பிலிப் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். உள்ளங்கையை மேல்நோக்கித் தூக்கிக் காட்டினார். நான் தலையாட்டினேன். என் காதுக்கு நான் நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். உணவகத்தின் முற்றத்தில் நான்கு பக்கமும் சுவர், சாப்பிடுகிறவர்கள் தாழ்ந்த குரலில் பேசுகிறவர்கள், பழைய டிரம்களும் பெரியவை, தொட்டாலே பேசும். இங்கே ஒரு பக்கம் ஜெனரேட்டர், ஒரு பக்கம் கடல், நடுவில் முந்நூறு பேர். மூன்றாவது பாட்டில் தாளம் காதில் விழாமல் பிலிப் பாட்டில் ஓர் இடத்தில் தடுக்கினார். ஆடுவதற்கென்று முன்னால் வந்து நின்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். என் முதுகு வேர்த்தது. சனிக்கிழமை போயிற்று என்று நினைத்தேன். பதினெட்டு அங்குலத்தை வாங்கியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் மணப்பெண்ணின் அத்தை, கழுத்து நிறைய நகையோடு, பலகைக்குப் பக்கத்தில் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

"பெரியவரே, அத்த அடிக்கிறியா, தடவிக் குடுக்கிறியா?"

பந்தலில் முன்வரிசை முழுக்கச் சிரித்தது. சரோஜாவும் சிரித்ததைப் பார்த்தேன்.

"எம்மருமவன் ஆடணும்னு எம்மா நேரமா நிக்கிறான். சாப்புட்டியா இல்லியா நீ?"

பிலிப் மைக்கிலேயே, "அண்ணே, அது அழுவாது. அடிங்க" என்றார்.

குச்சியைக் காதுக்கு மேலே தூக்கினேன். அவ்வளவு உயரத்துக்கு என் கை கடைசியாக எப்போது போனது என்று தெரியவில்லை. இராணுவத்தில் இருந்தபோது இருக்கலாம். அடித்தேன். அந்தப் பொம்மை அப்படி வெடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று வீடு தள்ளி ஒரு நாய் எழுந்து ஓடியது. யார் வீட்டு மணியும் அடிக்கவில்லை, யாரும் மரியாதையாக வந்து நிற்கவில்லை. அத்தை, "ஆங், அப்டி!" என்று சொல்லிவிட்டு மருமகனைப் பிடித்து முன்னால் தள்ளினார். குறை பதினாறு அங்குலத்தில் இல்லை. பயத்தில் பந்தலில் எத்தனை டியூப் லைட் என்று எண்ண ஆரம்பித்திருந்தேன், கணக்கு விட்டுப்போயிற்று.

கடைசிப் பாட்டு முடிந்து ஸ்டாண்டுகளை மடக்கும்போது பிலிப் பக்கத்தில் வந்தார். "சனிக்கிழம ஆறு மணிக்கெல்லாம் வந்துடுங்கண்ணே. ஓனருகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒரு மாதமாகத் தவித்தேன். ஆனால் அவர் நகராமல் நின்றார். "ஒண்ணு கேக்கணும். அந்தப் பெரிய தட்ட அடிச்ச ஒடனே இன்னாத்துக்கு ஓடிப்போயி அத்தப் புடிச்சிக்கிறீங்க? அது பாட்டுக்கு அடங்கட்டுமே."

நான் பிடித்ததே எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து மறுநாள் காலை மொட்டைமாடியில் சிம்பலை மட்டும் நிறுத்தி வைத்துப் பார்த்தேன். கீழ்வீடு காலி. தெருவில் மீன்காரம்மா கூவிக்கொண்டு போகிறார். வலது கை ஓங்கி அடிக்கிறது. அந்த ஓசை கைப்பிடிச் சுவரைத் தாண்டுவதற்கு முன்னால் இடது கை அந்த நாலாவது மாடியிலிருந்து நீண்டு வந்து தகட்டை இறுக்கிப் பிடித்துவிடுகிறது. இடது கையைத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டு மறுபடி அடிக்கிறேன். ஓசை கடல் பக்கமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. தொடைக்கு அடியில் விரல்கள் மடங்குகின்றன.