வயிற்று வலி என்று சொன்னேன்

ஹேவாஹெட்டப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், என் வயதுப் பெண்களில் சிங்களம் சரளமாகப் பேசுகிறவள் நான் ஒருத்திதான். சின்ன வயதில் கண்டியில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்று பழகிய பேச்சு. எழுத்து அவ்வளவாக வராது. பேச்சில் யாருக்கும் குறைந்தவள் இல்லை. கிளினிக் நாளில் டொக்டரிடம் பேச வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போவேன்.

போன வருஷம், எங்கள் லயத்து வரிசையில் சுவருக்கு அந்தப்புறம் இருக்கும் அடுத்த காம்பராக்காரி என்னிடம் வந்தாள். தீட்டு நின்று ஆறு வருஷமாகிறது, இப்போது மறுபடி இரத்தம் படுகிறது என்று காதோடு காதாகச் சொன்னாள். கூட்டிக்கொண்டு போனேன். டொக்டருக்கு என் இளைய மகன் வயதுதான் இருக்கும். என்ன வருத்தம் என்று கேட்டார். வாய்வரை வந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை.

"படே அமாருவ" என்றேன். வயிற்று வலி.

அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, வயிற்றுப்புண்ணுக்குக் குளிசை எழுதினார். அவள் குனிந்தபடி இருந்தாள். வெளியே வந்து, "எல்லாம் சொல்லிட்டேன், குளிசையப் போடு, நின்னுரும்" என்றேன்.

இரண்டு மாதம் போனது. தண்ணீர் கொட்டும் பீலியடியில் அவள் துணி அலசும்போது தண்ணீர் சிவந்து ஓடியது.

"குளிசை போட்டியா?"

"போட்டேன். வயித்து வலிக்குக் குடுத்தது இதுக்கு எங்க கேக்கும்?"

நான் என் குடத்தைப் பீலிக்கு அடியில் வைத்தேன்.

"அவ்வளவு சிங்களம் எனக்கும் வெளங்கும் அக்கா. நீங்களே கூச்சப்பட்டு மாத்திச் சொல்றீங்க, நான் எப்புடி வாயத் தொறக்கிறது?"

அடுத்த கிளினிக்கில் அதே டொக்டர். இந்த முறை உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டு, போன தடவையே ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "மம கிவ்வே நே" என்றாள். தான்தான் சொல்லவில்லை என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள்.

டொக்டர் அவளை ஏசினார். இதையெல்லாம் மறைக்கலாமா, புற்றுநோயாகக்கூட இருக்கலாம் என்றார். அந்த ஏச்சையும் நான்தான் அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்று விடாமல் சொன்னேன். மாற்றிச் சொன்னவள் நான்தான் என்கிற ஒன்று மட்டும் வாயிலிருந்து வரவில்லை.

பேராதனை ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நோய் பரவியிருக்கவில்லை, தப்பிவிட்டாள். நான் கூட்டிக்கொண்டு போனதால்தான் பிழைத்தாள் என்று லயத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். அவளும் ஆமாம் என்கிறாள். நான் இதுவரை மறுத்துச் சொல்லவில்லை.