கிளம்பின இடத்துக்கே திரும்பும் பாதை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் நடப்பதற்காக நடந்ததில்லை. கொழுந்து எடுக்க, விறகு பொறுக்க, பொகவந்தலாவைக் கடைவீதிக்குப் போக என்று எல்லா நடைக்கும் ஒரு காரணம் இருக்கும். ஆகவே தோட்டத்துக்கு மேலே இருக்கும் அரசாங்கக் காட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம் என்று அப்பா திட்டம் போட்டபோது நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயமே சிரித்தது. கிளம்பின இடத்துக்கே வந்து சேர எதற்குப் போக வேண்டும் என்று லயத்தின் கடைசிக் காம்பராவில் குடியிருந்த மாமா கேட்டார்.

அந்தத் திட்டம் அம்மாவையும் என்னையும் சேர்த்து நடக்கவைக்கத்தான். நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது வீட்டு வேலைக்குக் குவைத் போன அம்மா, நான் ஆண்டு மூன்றில் படிக்கும்போதுதான் லீவில் வந்தார். இடையில் என்னை வளர்த்தது அம்மாவின் அக்கா, பெரியம்மா. அவரைத்தான் அம்மா என்று கூப்பிட்டேன். வந்தவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் சேலையைப் பிடித்து இழுப்பேன். வீடியோ காலில் பாதிப் பேச்சில் உறைந்துபோகும் முகமாகத்தான் அவரை எனக்குத் தெரியும். அந்த முகம் வீட்டுக்குள் நடமாடியது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுபடி போவதா, இங்கேயே இருந்துவிடுவதா என்று அம்மா முடிவு சொல்லவேண்டிய நாள் நெருங்கியிருந்தது. "புள்ள ஏங்கிட்ட ஒட்டவே மாட்டேங்குது அக்கா. நான் இருந்து என்ன செய்ய?" என்று அவர் பெரியம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டேன்.

அப்பா அந்த நடைக்குச் செய்த ஏற்பாட்டில் ஒரு கல்யாணத்தையே முடித்திருக்கலாம். காட்டிலாகாக் காவலரிடம் சிங்களத்தில் விசாரித்து, குச்சியால் மண்ணில் கோடு போட்டு வழியை அழித்து அழித்து எழுதினார். ஏற்றம் கூடாது, ஏனென்றால் ஒரு காலத்தில் கூடையோடு மலையேறிய அம்மா, லிஃப்ட் வைத்த வீட்டில் இருந்து இருந்து இப்போது கோயில் படிக்கே மூச்சு வாங்கினார். ஓடையைத் தாண்டாமல், வேலியோரமாகப் போய் மறுபக்கம் இறங்கும் சின்னச் சுற்று ஒன்று கடைசியில் அமைந்தது. வரும்போது இரண்டு விறகு கொண்டுவரச் சொன்னார்கள் அக்கம்பக்கத்தில். அந்தக் காட்டில் ஒரு சுள்ளிகூட எடுக்கக் கூடாது என்று அப்பா காவலரைவிடக் கண்டிப்பாகச் சொன்னார்.

அப்பாவும் வருவதாகத்தான் இருந்தது. ஆனால் அன்று காலை பெரியம்மாவுக்குத் தன் கூரைத் தகரம் ஒழுகுவது நினைவுக்கு வந்தது. அப்பாவை ஏணியில் ஏற்றிவிட்டு, எங்களுக்கு ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் கட்டினார். அட்டை ஏறாமலிருக்க என் காலில் சவர்க்காரம் தேய்த்தபடியே ஒரு வழக்கத்தையும் சொன்னார்.

"காட்டுக்குள்ள பேரச் சொல்லிக் கூப்புடக் கூடாது. பேயி எதாச்சும் ஏன்னு பதில் குடுத்துரும். மொறையச் சொல்லித்தான் கூப்புடணும், வெளங்குச்சா?"

பேய்க்கு நான் ரொம்பப் பயந்தவள். விளங்கியது என்றேன்.

காட்டு வாசலில் காவலர் ஒரு கிளையை ஒடித்துச் சாமிக்கென்று மரத்தில் தொங்கவிட்டார். சுள்ளி எடுக்கக் கூடாதென்ற சட்டம் சாமிக்கு இல்லை போலும். அம்மாவும் ஒரு கிளையை மாட்டிவிட்டுக் கும்பிட்டார். நான் முன்னால் ஓடினேன். அம்மா குவைத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளைச் சப்பாத்தோடு வழுக்கி வழுக்கிப் பின்னால் வந்தார். பாதி வழியில் மிஸ்ட் என்று நாங்கள் சொல்லும் மூடுபனி இறங்கியது. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம்.

இழுக்கச் சேலை இல்லை. பேர் சொல்லக் கூடாது. சும்மா நிற்கவும் பயம். வேறு வழியில்லாமல், "அம்மா" என்றேன். பதில் வரவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். "இந்தா வாறேன், சாமி" என்ற சத்தம் வெகு அருகில் கேட்டது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு முதல் தடவையே பதில் சொல்லவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. அதற்குப் பிறகு மிஸ்ட் விலகியும் நான் விடவில்லை. பேய் நம்பவேண்டுமே என்று பத்தடிக்கு ஒரு தரம் கூப்பிட்டேன். அம்மா ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னார்.

பின்னாளில் காட்டுக்குப் போய்வரும் பலரிடம் விசாரித்திருக்கிறேன். பேர் சொல்லக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முறை சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதை ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. அது பெரியம்மா அன்று காலை ரொட்டி சுட்டுக்கொண்டே உண்டாக்கிய வழக்கமாக இருக்க வேண்டும்.

லயத்துக்கு வந்ததும் வாசலில் உட்கார்ந்து, "அம்மா, தண்ணி" என்றேன். அம்மா, பெரியம்மா இரண்டு பேரும் திரும்பினார்கள். பெரியம்மாவின் கையில் செம்பு ஏற்கெனவே இருந்தது. அதை அம்மாவின் கையில் வைத்து, "ஒன்னத்தான் கூப்புடுறா. குடு" என்றார். எனக்கு யார் கொடுத்தாலும் தண்ணீர்தான். குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டேன்.

அம்மா குவைத்துக்குத் திரும்பவில்லை. காட்டுக்குப் போய்வந்த அன்று மாலை பெரியம்மா சாப்பிட வரவில்லை, பல்வலி என்று தன் காம்பராவில் படுத்துவிட்டார். நான் டப்பாவைத் துழாவி ஒரு கிராம்பு எடுத்துப்போய்க் கொடுத்தேன். வலிக்கிற பல்லில் வைத்துக் கடித்துக்கொள்ளுங்கள் என்று வைத்தியர் மாதிரி சொன்னேன். பெரியம்மா எழுந்து உட்கார்ந்து அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். வலி குறைந்ததா என்று கேட்டேன். குறைந்துவிட்டது என்றார், நானும் நம்பினேன்.