மூன்றாம் முறை கூப்பிட்டால்

நிலானிக்குக் குளிர்காலத்தில் இங்கே ஆக்லாந்தில், ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் வேலை. கோடை வந்தால் தெற்கே போய்விடுவாள். மலைகளுக்கு நடுவே கடல் நீளமாகப் புகுந்து கிடக்கும் ஃபியோர்டில், சுற்றுலாப் பயணிகளைக் கயாக் என்கிற ஒடுங்கிய துடுப்புப் படகில் கூட்டிப்போய் டால்பினும் சீலும் பெங்குயினும் காட்டுகிற வழிகாட்டி அவள். யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு ஏன் இந்த வேலை என்று எங்கள் சான்ட்ரிங்ஹாம் பக்கத்து மளிகைக் கடையில் கேட்காத ஆளில்லை. கேட்டவர்களில் பாதிப் பேருக்கு நீந்தவே தெரியாது.

நான் ரத்னா, பக்கத்து வீடு. மதுரைக்காரி, கொஞ்சம் வாய் நீளம். அவள் கணவன் சஞ்சீவனைத்தான் அதிகம் கிண்டல் செய்திருக்கிறேன். வெளியிலிருந்து யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் மூன்றாம் முறைக்குத்தான் பதில் சொல்வான். பேய் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாதாம். அவன் அம்மா சொல்லி வளர்த்தது. எங்கள் பக்கமும் அப்படிச் சொல்வார்கள்தான். அதற்காக மார்ட்கேஜ் கட்டுகிற மனுஷன் அதைப் பிடித்துக்கொண்டா இருப்பான்? கூரியர்காரன் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டுப் பார்சலோடு திரும்பிப் போய்விடுவான்.

"ஆக்லாந்துப் பேய்க்குத் தமிழ் தெரியுமா சஞ்சீவன்?" என்பேன்.

"தெரியாட்டில் நல்லம் அக்கா," என்று சிரிப்பான்.

போன மார்ச்சில் அவனும் அவளோடு தெற்கே போனான். பயணிகளுக்குப் பின்னால் தனிக் கயாக்கில் கடைசியாக வருவது அவன் பொறுப்பு. சீல்கள் குட்டிகளோடு கிடந்த பாறையைத் தாண்டும்போது மேகம் இறங்கித் தண்ணீரை மூடிவிட்டது. நிலானி துடுப்பை நிமிர்த்திப் பிடித்தாள். எல்லாரும் அவளிடம் வந்து சேர வேண்டும் என்று அர்த்தம். பயணிகள் வந்தார்கள். சஞ்சீவன் வரவில்லை. குட்டிகள் மிரளும் என்பதால் அந்த இடத்தில் சும்மா விசில் ஊதுவதில்லை. அவள் குரல் கொடுத்தாள்.

"சஞ்சீவன்!"

மலை அவள் குரலையே திருப்பித் தந்தது. இன்னொரு முறை கூப்பிட்டாள். அதற்குள் காற்று எழும்பிவிட்டது. பயணிகளில் ஒரு வயதான பெண் குளிரில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். எங்காவது டால்பினைப் பார்த்துக்கொண்டு நிற்பான், வந்துவிடுவான் என்று நினைத்து, மற்றவர்களைக் கரைக்குக் கொண்டுபோனாள். அவள் வேலை அதுதான். பிறகு திரும்பிப் போய் விசில் ஊதினாள், தொண்டை கிழியக் கத்தினாள். மறுநாள் கயாக் மட்டும் கிடைத்தது, கவிழ்ந்தபடி.

அவள்மேல் தப்பில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

"மூண்டாந்தரம் கூப்பிட்டிருந்தா ஓம் எண்டிருப்பார் அக்கா," என்றாள். "அவர் பக்கத்திலதான் இருந்தவர். எனக்குத் தெரியும்."

அதன்பிறகு அவள் தெற்கே போகவே இல்லை.

போன வாரம் ஒரு மாலை, நல்ல மழை. அவள் சமையலறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். சட்டென்று கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஓம், வாறன்!"

வாசலுக்கு ஓடப்போனவளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். பயம்தான், வேறென்ன.

"இரு நிலானி. ரெண்டு தடவைதான் ஆச்சு. மூணாவது தடவை கூப்பிடட்டும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப உங்களுக்கும் கேட்டது."

நான் தலையாட்டினேன்.

"நான் ரெண்டோட விட்டனான் அக்கா. அவர் மட்டும் ஏன் மூண்டாந்தரம் கூப்பிட வேணும்?"

என் விரல்களை மெல்ல விலக்கிவிட்டு, போய்க் கதவைத் திறந்தாள்.