ஃப்ளாப்பிக்குள் போன ஒன்றரை ஹெச்.பி.

போன வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, ஒரு தண்ணீர் பம்பை ஆட்டோவில் உட்கார வைத்துப் போட்டோ எடுக்கக் கூட்டிக்கொண்டு போனேன்.

கூட்டிக்கொண்டு என்றுதான் சொல்ல வேண்டும். தூக்கிக்கொண்டு என்று எழுதினால் என் சம்சாரம் கமலம் கோபித்துக்கொள்வாள். சந்தனம், குங்குமம் வைத்து, கழுத்தில் – பம்புக்கு எது கழுத்து என்று என்னைக் கேட்காதீர்கள் – ஒரு முழம் மல்லிகை சுற்றி அனுப்பியவள் அவள்தான்.

சிரிக்காதீர்கள். விஷயம் சீரியஸ்.

பம்ப், கமலத்தின் தம்பி சென்னியப்பனுடையது. சிங்காநல்லூரில் ஆறு பேர் வேலை செய்கிற பட்டறை. பதினேழு வருஷமாக பம்ப் செய்கிறான். ஒன்றில்கூட அவன் பேர் கிடையாது. இவன் கடைந்து, மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றி, பூட்டி, பெயின்ட் அடித்துக் கொடுப்பான். பெரிய கம்பெனிக்காரர்கள் வந்து தங்கள் பேர்த் தகட்டை அறைந்து எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஒரு தடவை கொடுமுடியில் இவன் மாமனார் தோட்டத்துக் கிணற்றில் புது பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் அதைத் தட்டிக் காட்டி, "பாருங்க மாப்பிள்ளை, இதல்லவா பம்ப்பு. நீங்களும் இந்த மாதிரி ஒண்ணு செஞ்சு பழகுங்க" என்றார்.

அது இவன் செய்த பம்ப்.

இவன் என்ன சொன்னான் தெரியுமா? "சரீங்க மாமா" என்றான். அதுதான் சென்னியப்பன்.

அப்பேர்ப்பட்டவன் இந்த வருஷம் துணிந்துவிட்டான். சொந்தப் பேரில் தகடு அடித்தான். ஒன்றரை ஹெச்.பி., பச்சை பெயின்ட், தகட்டில் அவன் பேர். எப்படியோ விவரம் போய், நைரோபியிலிருந்து ஒரு வியாபாரி ஃபேக்ஸ் அனுப்பியிருந்தார். பல பேரிடம் கேட்கிறார்களாம். சனிக்கிழமைக்குள் பம்பின் போட்டோ இ-மெயிலில் வர வேண்டும். பிடித்திருந்தால் ட்ரையலுக்கு வாங்குவார்கள்.

இதில் நான் எப்படி வந்து மாட்டினேன்? வாயால்தான்.

தீபாவளிக்கு என் மாமனார் வீட்டில் கூட்டமாக உட்கார்ந்திருந்தபோது, பத்திரிகைக்கு வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியை நான் கம்ப்யூட்டரில்தான் அனுப்புகிறேன் என்று அளந்து வைத்திருந்தேன். உங்களுக்கே தெரியும் – நான் கையால் எழுதி, கவரில் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டுகிற ஆள். என் கையெழுத்தைத் திட்டாத வாரம் ஆசிரியருக்குக் கிடையாது.

"ஏனுங்க மச்சான், போட்டோவைக் கம்ப்யூட்டருக்குள்ள ஏத்தோணுமாமுங்க. உங்களுக்குத்தான் அதெல்லாம் அத்துப்படியாச்சே" என்று சென்னியப்பன் வந்து நின்றான்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

"அது என்ன பெரிய வேலை மாப்ள... பத்து நிமிஷம்."

அந்தப் பத்து நிமிஷம், ஏழு நாள் ஆயிற்று.

முதலில் ஸ்டூடியோ. காதர் பாய் கல்யாண போட்டோவில் பேர் போனவர். பம்பை ஸ்டூலில் வைத்ததும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கமுங்க?"

சென்னியப்பன் யோசித்து, தகடு இருக்கிற பக்கத்தைக் காட்டினான். பாய் விளக்கைத் திருப்பினார். "கொஞ்சம் சாய்ச்சு வையுங்க... ம், போதும். வெக்கப்படுது பாருங்க." பிறகு படுதா. அவரிடம் இருப்பது மூன்று: தாஜ்மகால், புத்தக அலமாரி, அருவி.

"மோட்டாருக்குத் தாஜ்மகால் எதுக்குங்க? தண்ணிதான பொருத்தம்" என்று அருவியை இறக்கிவிட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. குங்குமத்தைத் துடைக்க வேண்டும் என்று மூன்று பேரில் ஒருவனுக்காவது தோன்றியிருக்க வேண்டும். நமக்குத் தோன்றுமா? பொட்டில்லாமல் போட்டோ எடுத்தால்தான் நமக்குக் கை நடுங்கும்.

வியாழக்கிழமை பிரின்ட்டை எடுத்துக்கொண்டு பீளமேட்டுக்குப் போனோம். அங்கே காலேஜ் பக்கத்தில் ஒரு டி.டி.பி. சென்டர். கவிதா என்று ஒரு பெண் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். ஸ்கேனர் என்கிற மெஷின் அவளிடம் இருக்கிறது. பார்த்தால் ஜெராக்ஸ் மெஷினுக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது. போட்டோவைக் கவிழ்த்து மூடினாள். உள்ளே வெளிச்சம் முனகிக்கொண்டே நகர்ந்தது. திரையில் மேலேயிருந்து வரி வரியாகப் படம் இறங்கியது. முதலில் அருவி. அப்புறம் மல்லிகை. கடைசியில் தகடு.

சென்னியப்பன் தன் பேரை உதட்டை அசைத்துப் படித்தான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தரமும் படித்தான்.

"இங்க நெட் இல்லைங்க சார்" என்றாள் கவிதா. "எதிர்க் கடைலதானுங்க இருக்குது. ஃப்ளாப்பில போட்டுத் தாரேன், கொண்டு போயிடுங்க. ஆனா படம் பெருசா இருக்குது. ஃப்ளாப்பி ஒண்ணு புள்ளி நாலு நாலு எம்.பி.தானுங்க பிடிக்கும்."

சென்னியப்பன் குறுக்கே வந்தான். "இது ஒண்ணரை ஹெச்.பி.ங்க அம்மணி. ஒண்ணு புள்ளி நாலு நாலுல எப்படீங்க அடங்கும்?"

அவள் சிரிக்கவில்லை. நல்ல பெண். "நான் சுருக்கித் தாரேனுங்கண்ணா."

சுருக்கினாள். உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாக இருந்த ஃப்ளாப்பியை சென்னியப்பன் வாங்கி, சட்டைப்பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டான். அவினாசி ரோட்டைத் தாண்டினோம். நெட் சென்டர்க்காரர் ஃப்ளாப்பியைச் செருகினார். கடகடவென்று சத்தம் வந்தது. மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இதுல ஒண்ணுமே இல்லீங்களே" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். மறுபடி ரோட்டைத் தாண்டிப் போய்க் கவிதாவைப் பிடித்துக்கொண்டேன். வேலை தெரியாதவர்கள் எல்லாம் கடை போட்டால் இப்படித்தான்... பொறுப்பு என்று ஒன்று வேண்டாமா... இன்னும் என்னென்னவோ. இருபத்திரண்டு வயசுப் பெண். நான் முடித்ததும், "அந்த ஃப்ளாப்பியைக் கொடுங்க, பாக்கலாம்" என்றாள்.

சென்னியப்பன் பையில் கைவிட்டு எடுத்தான். ஃப்ளாப்பி வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு, தட்டையாக, கறுப்பாக இன்னொன்றும் வந்தது.

"இது என்னதுங்கண்ணா?"

"காந்தமுங்க அம்மணி. லேத்துக்கு அடியில உழுகற ஸ்க்ரூ எல்லாம் பொறுக்கறதுக்கு. நல்ல காந்தமுங்க. பிடிச்சா விடாது" என்றான் பெருமையாக.

"அதாங்க விடலை" என்றாள் கவிதா. "ஃப்ளாப்பில இருக்கறதைக் காந்தம் துடைச்சுப் போடுமுங்க."

நான் மன்னிப்புக் கேட்டேனா? தொண்டையைச் செருமினேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது மன்னிப்புத்தான்.

இரண்டாவது ஃப்ளாப்பியை நானே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். சென்னியப்பனைப் பத்தடி தள்ளி வரச் சொன்னேன். படம் போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை நைரோபியிலிருந்து பதில். நெட் சென்டர்க்காரர் பிரின்ட் எடுத்துக் கொடுத்தார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"படம் கிடைத்தது. நன்றி. இரண்டு சந்தேகங்கள். ஒன்று, புது பம்பில் ஏன் துரு? இரண்டு, பின்னால் கொட்டும் தண்ணீர் இந்த பம்ப் இறைத்ததா? ஆம் என்றால் எத்தனை அடி உயரத்துக்கு?"

சென்னியப்பன் முகம் சுண்டிவிட்டது. "துருங்களா... என்ற பம்ப்புலயா..." என்றான். அருவியைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கமலம் அரிசி புடைத்துக்கொண்டே, "துரு இல்ல, குங்குமம்னு எழுதிப்போட்டா ஆச்சு. இதுக்கு எதுக்குங்க வெசனம்?" என்றாள்.

"அந்த ஆளுக்குக் குங்குமம்னா என்னன்னு தெரியுமா?"

"சொன்னாத் தெரிஞ்சுக்கறாரு."

பெண்களுக்கு வியாபாரம் என்ன தெரியும் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை – அந்த அளவுக்கு எனக்கு அறிவு உண்டு. சென்னியப்பனைக் கூப்பிட்டு, "கம்ப்யூட்டர்ல எதை வேணாலும் அழிக்கலாம் மாப்ள. நீ பட்டறையைப் பாரு. நான் முடிச்சுட்டு வாரேன்" என்றேன்.

சனிக்கிழமை காலை. கவிதா திரையில் இருந்த பம்பின் பச்சையை எடுத்துக் குங்குமத்தின் மேல் ஒத்தி ஒத்தி வைத்தாள். சிவப்பு மறைய மறைய எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பின்னால் நின்றுகொண்டு மேஸ்திரி வேலை பார்த்தேன். "அந்தப் பூவை எடு... அருவியை எடுத்துட்டு வெறும் நீலம் போடு... மேல ஒரு கறுப்பு தெரியுதே, அதையும் அழி கண்ணு."

"சார், அது குங்குமம் மாதிரி தெரியலீங்களே... வட்டமா இருக்குது."

"நான் சொல்றேன் இல்ல?"

அழித்தாள். பம்ப் கொழுக்கட்டை மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. அனுப்பினோம்.

மத்தியானமே நெட் சென்டருக்குப் பதில் வந்தது. அந்த நேரம் பார்த்து சென்னியப்பனும் பட்டறையிலிருந்து வந்து சேர்ந்தான்.

"துரு போய்விட்டது, மகிழ்ச்சி. அருவியும் வற்றிவிட்டது, வருத்தம். ஒரே ஒரு கேள்வி. தண்ணீர் எந்த வழியாக வெளியே வரும்?"

சென்னியப்பன் என் கையிலிருந்த புதுப் படத்தின் பிரின்ட்டை வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தான்.

"டெலிவரி ஓட்டை எங்கீங்க மச்சான்?"

அந்தக் கறுப்பு வட்டம்... சரி, உங்களுக்குப் புரிந்திருக்கும்.

திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டுவதும் வாங்குவதும் எனக்குப் பழக்கம். அவன் படத்தை நாலாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "போகுது விடுங்க மச்சான். பழையபடி அவங்க பேரையே அடிச்சுக்கட்டும். என்ற பேருக்கு யோகம் இல்லீங்க" என்றான். என்னைப் பார்த்து வருத்தப்படக்கூட இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

அவனையும் கூட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். கவிதாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "எழுது கண்ணு. இங்கிலீஷ்ல நீ மாத்திக்கோ" என்றேன்.

"முதலில் வந்த படம்தான் நிஜம். சிவப்பு துரு அல்ல, குங்குமம். எங்கள் ஊரில் சோறு போடுகிற மெஷினுக்கெல்லாம் வைப்போம். அருவி வெறும் துணி. இரண்டாவது படத்தில் ஓட்டையை அழிக்கச் சொன்னது நான். பம்ப் செய்தவன் அப்போது அங்கே இல்லை. அவனுக்கு பம்ப் தெரியும். எனக்கு பம்பும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது."

கவிதா டைப் அடிப்பதை நிறுத்தினாள். "கடைசி வரியும் வேணுங்களா சார்?"

சென்னியப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போடு" என்றேன்.

யோசித்துப் பாருங்கள். நம்மிடம் இருக்கிற சரக்கு நல்ல சரக்குதான். ஆனால் உள்ளபடி காட்ட நமக்குப் பயம். பொண்ணு போட்டோவில் மச்சத்தை அழிக்கிறோம். மாப்பிள்ளை போட்டோவில் வழுக்கையை அழிக்கிறோம். முன்னே பாய் நெகட்டிவில் பென்சிலை வைத்துப் பொறுமையாகச் செய்த பித்தலாட்டத்தை இப்போது கம்ப்யூட்டரில் ஒரு நிமிஷத்தில் செய்கிறோம். அவ்வளவுதான் முன்னேற்றம். அழிக்கிற அவசரத்தில் உருப்படியான ஒரே ஓட்டையையும் சேர்த்து அடைத்துவிடுகிறோம்... அதுதான் கொடுமை.

ஞாயிறு முழுக்க சென்னியப்பன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. திங்கட்கிழமை நானே போய் அவனைக் கூட்டிக்கொண்டு பீளமேடு போனேன். நெட் சென்டர்க்காரர் சிரித்துக்கொண்டே பேப்பரை நீட்டினார்.

"ட்ரையலுக்கு இரண்டு பம்ப் அனுப்பவும். ஓட்டையோடு. குங்குமம் உங்கள் விருப்பம்."

சென்னியப்பன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "எந்தப் பேருலீங்க கேட்டிருக்காங்க?"

மேலே அச்சாகியிருந்த அவன் பேரை விரலால் தொட்டுக் காட்டினேன். மாமனாருக்கு ஒரு காப்பி எடுக்க வேண்டும் என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு ஓடினான். சட்டைப்பையில் காந்தம் ஆடியது. பரவாயில்லை. பேப்பரை அது ஒன்றும் செய்யாது.

வீட்டுக்கு வந்து கமலத்திடம் இரண்டு படத்தையும் காட்டினேன். குங்குமம் வைத்த பம்பைச் சட்டென்று பார்த்து வைத்துவிட்டாள். வழவழ பம்பைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இம்புட்டுப் பெரிய ஓட்டையை, இருந்த இடம் தெரியாம அடைச்சுப் போட்டாளே. யாருங்க அந்தப் பொண்ணு?"

"பீளமேட்டுல கவிதான்னு ஒரு பொண்ணு."

"கெட்டிக்காரி" என்றாள். "அடுத்தவாட்டி போறப்ப, வாய் நல்லாத் தெரியற மாதிரி உங்க போட்டோ ஒண்ணையும் கொண்டுபோய்க் கொடுங்களேன்."