ஒருமுறைதான் கேட்பார்கள்

இந்த நாட்டில் எதையும் ஒருமுறைதான் கேட்பார்கள். வந்து பதினாறு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. போன மாதம் பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் யாருக்கோ பிறந்தநாள். என்னோடு வேலை செய்யும் ஜெஸ் என்ற பெண் கேக் தட்டை நீட்டி, வேண்டுமா என்று கேட்டாள். "நோ தாங்க்ஸ்" என்றேன். காலையில் சாப்பிடாத வயிறு கத்திக்கொண்டிருந்தது. அதற்காக, கேட்டவுடனே கையை நீட்டுவதா? ஒரு மரியாதை வேண்டாமா? அவள் "நோ வொரீஸ்" என்று சிரித்துவிட்டுத் தட்டோடு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். எங்கள் ஊர் சாவகச்சேரியில் என்றால், "சும்மா எடுங்கோ, என்ன வெக்கம்" என்று கையில் திணிக்காமல் விடமாட்டார்கள். நான் என் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினேன்.

மெல்பேர்ணின் வடக்கே, கிரெய்கிபர்ன் பக்கத்தில் ஓர் அரசாங்க ஆரம்பப் பள்ளி. அங்கே எனக்கு ரியூட்டர் வேலை, அதாவது தனிவகுப்பு எடுப்பது. கொரோனாக் காலத்தில் மாதக்கணக்காக வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கிப் போனார்கள். அவர்களைத் தூக்கிவிடுங்கள் என்று அரசாங்கம் கொடுத்த பணத்தில் பள்ளிக்கூடம் மூன்று பேரை வேலைக்கு எடுத்தது. அதில் ஜெஸ் ஒருத்தி, நான் ஒருத்தி. ஒன் ஓஃப் ஃபண்டிங் என்று அந்தப் பணத்துக்குப் பெயர். ஒருதடவை தருவோம், திரும்பக் கேட்காதே என்று அர்த்தம். நோய்க்காலம் முடிந்தும் அதை இழுத்துப் பறித்து இந்த வருடக் கடைசிவரை கொண்டுவந்துவிட்டார்கள். என்னிடம் ஒன்பது தமிழ்ப் பிள்ளைகள். நாலைந்து பேராகச் சின்ன அறையில் இருத்தி வாசிக்கப் பழக்குவேன்.

அந்த ஒன்பது பேரில் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தவள் ஆரணி. முதல் வகுப்பை அவள் படித்தது தாயின் கைத்தொலைபேசியில். தாய் சுகந்தி கோழி வெட்டும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும்போது தொலைபேசியும் கூடப் போய்விடும். பிறகு எங்கே படிப்பு? ஒன்பது வயதில் அவள் என்னிடம் வந்தபோது மூன்று எழுத்துச் சொல்லுக்கே திணறினாள். இப்போது ஒரு பக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டு வாசிக்கிறாள். இன்னும் ஒரு தவணை, பத்தே பத்து வாரம் கிடைத்தால் விரலை எடுத்துவிடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அந்த ஒரு தவணைக்கு வழியும் இருந்தது. செலவழியாமல் கொஞ்சப் பணம் மிச்சம் இருப்பதாக எங்கள் பிரின்சிபல் ஹெலன் சொன்னார். பிரின்சிபலைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்றைக்கும் நாக்குக் கூசும். உதவி இன்னும் தேவையான பிள்ளைகளுக்கு அடுத்த வருட முதல் தவணையும் வகுப்பு நடத்தலாம், பெற்றோரைக் கேட்போம் என்று தொலைபேசியில் நிரப்பும் ஒரு படிவம் அனுப்பினார். அதில் ஒரே கேள்வி. உங்கள் பிள்ளைக்கு மேலும் உதவி தேவையா? ஓம் அல்லது இல்லை.

தமிழ்ப் பெற்றோரைத் தொலைபேசியில் பிடிக்கிற வேலை எனக்கு. ஒன்பது வீட்டுக்கும் எடுத்துச் சொன்னேன். "கட்டாயம் நிரப்பி அனுப்புங்கோ. பாத்து நல்ல மாதிரி நிரப்புங்கோ, பள்ளிக்கூடத்துக்கும் ஒரு மரியாதை." விசரி நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஒன்பது படிவமும் ஒரே நாளில் வந்தன. ஒன்பதிலும் "இல்லை". ஒரு தகப்பன் கீழே நன்றியும் எழுதி, பிரின்சிபலின் குடும்பத்துக்குச் சுகமும் விசாரித்திருந்தார். ஹெலன் என்னைக் கூப்பிட்டுக் கையைக் குலுக்கினார். உங்கள் பிள்ளைகள் எல்லோரும் எட்டிப்பிடித்துவிட்டார்கள், அற்புதம் என்றார். கடவுளே, ஆரணியுமா எட்டிப்பிடித்துவிட்டாள்!

இதை ஹெலனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? சண்டைக் காலத்தில் வன்னியில் இடம்பெயர்ந்திருந்தபோது நான் ஒரு கொட்டில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். நிவாரணக்காரர் ஒருநாள் வந்து, கொப்பி பென்சில் எவ்வளவு தேவை என்று கேட்டார். எங்கள் அதிபர் கதிரையை இழுத்துப் போட்டு, "பரவாயில்லை சேர், சமாளிக்கிறம்" என்றார். பிள்ளைகள் பழைய கலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. வந்தவரும் நம்மவர்தானே. தேத்தண்ணி குடித்தபடி இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்காமல் தானே ஒரு தொகையை எழுதினார். பெட்டி பெட்டியாகக் கொப்பி வந்து இறங்கியது. கேட்கிறவனுக்கும் மறுக்கிறவனுக்கும் அந்தச் சடங்கு தெரிந்திருந்தது. இங்கே ஒரு பக்கத்துக்குத்தான் தெரியும்.

"மரியாதைக்காக இல்லை என்று போட்டிருக்கிறார்கள்" என்று ஹெலனிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

"யாருக்கு மரியாதை?" என்று கேட்டார். கேலியில்லை, உண்மையிலேயே விளங்காமல் கேட்டார். நல்ல மனுசி, வெள்ளிக்கிழமைவரை படிவத்தைத் திருத்தலாம் என்று அவகாசம் தந்தார்.

அன்று பின்னேரம் பள்ளிக்கூட வாசல் கேற்றடியில் சுகந்தியைப் பிடித்தேன். தொழிற்சாலைச் சப்பாத்தோடு நின்றாள். படகில் வந்த குடும்பம். இன்னும் தற்காலிக விசாதான்.

"என்ன பிள்ளை, தேவையில்லை எண்டு போட்டிருக்கிறீர்?"

"வேணும் எண்டு போட்டால் பிள்ளை மக்கு எண்டெல்லோ எழுதி வைப்பினம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எங்கட விசா இன்னும் ஒண்டும் சரிவரேல்லை ரீச்சர். கவர்மெண்டுக்குப் பாரமான குடும்பம் எண்டு பேர் விழக்கூடாது. இவர் அடிச்சுச் சொல்லிப்போட்டார்."

"இதுக்கும் விசாவுக்கும் ஒரு தொடுப்பும் இல்லையப்பா."

"நீங்கள் இந்த நாட்டுச் சிற்றிசன். நீங்கள் சொல்லுவியள்."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. அவள் சொன்னதில் பிழை இல்லை என்பதுதான் கோபத்துக்குக் காரணம். "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் எண்டு சும்மாவே சொன்னவை? இஞ்ச ஒருக்காத்தான் கேப்பினம், சுகந்தி. ரெண்டாந்தரம் கேக்க ஒருத்தரும் வரமாட்டினம்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஆரணி தாயின் கையை இழுத்தாள். "அம்மா, ஐ கான்ற் றீட் த பிக் ஒன்ஸ். ஐ ஜஸ்ட் கொப்பி." பெரிய சொற்களை வாசிக்கத் தெரியாது, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத்தான் எழுதுகிறேன் என்கிறாள். மகளின் ஆங்கிலம் பாதிக்குமேல் விளங்காது என்று சொல்லும் சுகந்திக்கு இது முழுதாக விளங்கியது. தொலைபேசியை என்னிடம் நீட்டி, "ஓம் எண்டதை எங்க அமத்திறது எண்டு காட்டுங்கோ ரீச்சர்" என்றாள். நான் காட்டிய இடத்தில் தானே அமத்தினாள்.

வெள்ளிக்கிழமைக்குள் ஆறு படிவங்கள் மாறின. மற்ற மூன்று வீட்டையும் என்னால் அசைக்க முடியவில்லை. ஆனாலும் ஆரணிக்குத் தவணை கிடைத்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். அவ்வளவு அலுப்பு.

வருடக் கடைசி நாளன்று ஹெலன் கூப்பிட்டார். மிச்சப் பணம் ஒரு ரியூட்டருக்குத்தான் போதும், ஜெஸ் தனக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறாள், உங்களுக்கும் விருப்பமா என்று கேட்டார். முகத்தை நேரே பார்த்துத்தான் கேட்டார். முதுகு நோவில் விழுந்து எட்டு மாதமாக வேலைக்குப் போகாமல் வீட்டில் கிடக்கும் என் மனுசன் என் கண்ணுக்குள் வந்தார். ஆரணியின் விரல் வந்தது. வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "நோ நோ, ஜெஸ் எடுக்கட்டும். ஐ ஆம் ஓகே."

"ஆர் யூ ஷுவர்" என்றுகூடக் கேட்கவில்லை. நன்றி சொல்லி, கட்டிப்பிடித்து, ஒரு பூச்செடி தந்தார். கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

கார் நிறுத்துமிடத்தில் சுகந்தி ஓடிவந்தாள். கையில் ஒரு டப்பா நிறையப் பயத்தம் பணியாரம்.

"அடுத்த தவணையும் நீங்கள்தானே ரீச்சர்? அவள் உங்களிட்டத்தான் வாசிப்பாளாம். வேற ஆக்களுக்கு முன்னால வாய் திறக்கமாட்டாளாம்."

"பாப்பம்" என்றேன். அவள் போன பிறகு காருக்குள் இருந்து என்னையே திட்டினேன். ஊருக்குத்தான் உபதேசமோ, மூதேவி? அந்தப் பெட்டை சுகந்தி விசாப் பயத்தோடேயே அமத்தினாள். உனக்கு என்ன கேடு? எனக்கு அழுகை வந்தது. அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, இறங்கித் திரும்ப நடந்தேன்.

பத்து நிமிடத்துக்கு முன்வரை என் அட்டையைக் காட்டினால் திறந்த கதவு இப்போது திறக்கவில்லை. மணியடித்தேன். அலுவலகப் பெண் வந்து திறந்துவிட்டு, விதி விதிதான் என்று சிரித்தபடி, வெளியாட்கள் பதியும் தொடுதிரையைக் காட்டினாள். பெற்றோர், ஒப்பந்தக்காரர், விருந்தினர், வேறு. நான் இதில் யார் என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். "வேறு" என்பதை அமத்தினேன். வந்த காரணம் என்ன என்று ஒரு பெட்டி திறந்தது. யாரும் இரண்டாம் முறை கேட்கப்போவதில்லை. "என் வேலையைக் கேட்க" என்று ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். இயந்திரம் ஒரு ஸ்டிக்கரைத் துப்பியது. மேலே என் பெயர். கீழே காரணம், பெரிய கறுப்பு எழுத்தில்.

"எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒட்டிக்கொள்ளுங்கள்" என்றாள் அந்தப் பெண்.

தாலிக்கொடியை ஒதுக்கிவிட்டு, அதை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, ஹெலனின் கதவைத் தட்டினேன்.